பின்சீட்டுக்கு ஒரு சாய்மானம்

முதலில் அந்தக் கேமராவை மேசை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், மேடம். மேலே ஃபேன் ஓடுகிறது, ஜன்னல் வழியாகத் தெருத் தூசி வருகிறது, லென்ஸுக்கு மூடியும் இல்லை. மூடி என் கைப்பையில் இருக்கிறது. பையை உங்கள் ஏட்டு வாங்கி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர், எனக்குச் சர்க்கரை கம்மியாக டீ வாங்கிக் கொடுத்தார்.

பெயர் நெல்லையம்மாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் இந்த ஊரில் பத்திரம் பதிய வந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "சாட்சி எங்க?" என்று கேட்கிற அம்மா நான்தான். இன்றைக்கு எனக்கே ஒரு சாட்சி வந்திருக்கிறது. அதுவும் நானே எடுத்த சாட்சி.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு மிக்ஸி வாங்கலாம் என்று கடையநல்லூருக்குப் போனேன். நியாஸ் அகமது கடை. இப்போது உங்கள் வெளி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ஷார்ஜாவில் கேமராக் கடையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மிக்ஸிகளுக்கு நடுவில் கறுப்பாக ஒன்று இருந்தது.

"அது என்ன தம்பி, பொம்மை மாதிரி?"

"மிரர்லெஸ் கேமராக்கா. பழைய கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கும்லா, இதுல அது கெடையாது. அதான் எடை இல்ல. ஒத்தக் கையால எடுக்கலாம்."

"அப்போ இன்னொரு கை?"

"அதுல முறுக்கு வச்சுக்கிடுங்க."

மிக்ஸி வாங்கப் போனவள் கேமராவோடு பஸ் ஏறினேன். இன்றுவரை என் வீட்டுச் சட்னி அம்மியில்தான்.

நியாஸ் ஒரு குழு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைக்கில் கிளம்புவார்கள். சிவகிரி, புளியங்குடி, ராயகிரி, மலையடிவாரம். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். முன்னால் இருப்பவர் ஓட்டுவார், பின்னால் இருப்பவர் படம் எடுப்பார். சாயங்காலம் ஒவ்வொருவரும் அன்றைக்கு எடுத்ததில் ஒரே ஒரு படத்தை வாட்ஸப்பில் போட வேண்டும். கேமராவில் விழுந்தபடியே போட வேண்டும். ஓரம் வெட்டக் கூடாது, நிறம் கூட்டக் கூடாது. அதில் நியாஸ் கறார்.

"நடுவுல எல்லாரும் நல்லாத்தான் எடுப்பீங்க. மூலையக் காட்டுங்க, மூலைய," என்பார்.

மூலையில் ஒரு விரல், ஒரு குப்பைத் தாள், எடுத்தவருடைய சொந்த நிழல், எது விழுந்திருந்தாலும் பிடித்துவிடுவார். அதை நானும் கற்றுக்கொண்டேன். பிரவின்ராஜ் என்று ஒரு பையன், அவன் படத்தில் எப்போதும் அவன் நிழலும் விழும். "ஏலே, நிழலை ஏம்ல கூட்டிட்டு வாற? அது டிக்கெட் எடுத்திச்சா?" என்று நான்தான் கேலி செய்வேன்.

எனக்குக் கிடைத்த வண்டி விக்னேஷ்வரனுடையது. கூட்டுறவு வங்கியில் வேலை, பச்சை நிற புல்லட். என் வீட்டுக்காரர் சிவராமலிங்கம் கோயில் அலுவலகத்துக்குச் சைக்கிளிலேயே போய்வந்து வாழ்ந்து முடித்தவர். கேரியரில் நான் ஒரு பக்கமாக உட்கார்ந்து, சேலையைச் சக்கரத்திடமிருந்து காப்பாற்றுவதிலேயே என் பயணமெல்லாம் போய்விட்டது. அறுபது வயதில்தான் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு எதிர்வீட்டுப் பிச்சம்மாள் கோலத்தை விட்டு நிமிர்ந்தாள்.

"ஏட்டி நெல்லை, என்னட்டி இது?"

"பேண்ட்டு."

அவ்வளவுதான் பேச்சு. புல்லட் கிளம்பிவிட்டது. நீங்களும் ஜீப்பில் போகிறீர்கள், ஆனால் அதில் காற்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரும். பைக்கில் அது கேட்காது. நாற்பது வருஷம் மை வாசனையில் இருந்தவளுக்கு, நெல் வயல் மேலிருந்து வருகிற காற்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் வண்டிகளில் கண்ணாடி கிடையாது, மேடம். ஹேண்டில்பாரில் இருந்தால் பின்னாலிருந்து எடுக்கிற படத்துக்குள் முளைத்து நிற்கும் என்று கழற்றிவிடுவோம். தப்புதான். அதற்குத் தனியாக அபராதம் போடுங்கள். கண்ணாடிக்குப் பதில் பின்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்க வேண்டும். வலது தோளில் தட்டினால் பின்னால் வண்டி வருகிறது என்று அர்த்தம். இடது தோளில் தட்டினால் வழி சும்மா இருக்கிறது, போகலாம்.

"கேமராலயும் கண்ணாடி இல்ல, வண்டிலயும் கண்ணாடி இல்ல. தல சீவ எங்கன போவ மாப்ள?" என்று பிரவின்ராஜ் கேட்டான்.

"அக்கா கண்ணாடி போட்டிருக்காங்கல்லா, அதுல பாத்துக்கிடுவேன்," என்றான் விக்னேஷ். "அக்கா தட்டிட்டா நான் திரும்பியே பாக்க மாட்டேன்லே. கண்ண மூடிட்டுப் போவேன்."

மூன்று வருஷம் அப்படித்தான் போனான். ஒரு தடவைகூடத் தன் கண்ணால் சரிபார்த்ததில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. என் சொல்லை நம்பி ஒரு ஆள் உயிரைக் கொண்டுபோனது அதுதான் முதல் முறை.

முதுகு மட்டும் வலிக்கும். ஞாயிறு ராத்திரி வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டுதான் படுப்பேன். ஒரு தடவை அவனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"மக்கா, பின்னால ஒரு சாய்மானம் வச்சா தேவலல்லா?"

"புல்லட்டுக்கு பேக்ரெஸ்ட்டா? வண்டி லுக்கே போயிரும்க்கா."

சிரித்தான். நானும் சிரித்தேன். அத்தோடு விட்டுவிட்டேன்.

வித்யாலட்சுமி போன வருஷம் வந்தாள். சிவகிரியில் வேளாண்மை அலுவலகத்தில் வேலை. நல்ல பெண். ஒரு குறையும் சொல்ல முடியாது. தேடித்தான் பார்த்தேன். முதல் நாளே நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க படம்லாம் நியாஸ் அண்ணன் காட்டுனாங்க ஆச்சி. சூப்பர் ஆச்சி. எனக்கும் சொல்லித் தாங்க ஆச்சி."

ஒரே மூச்சில் மூன்று ஆச்சி. நியாஸ் இருமினார். குழுவில் எல்லாருக்கும் நான் அக்காதான், பாட்டி இல்லை. ஆனால் அவள் மரியாதையாகத்தானே சொல்கிறாள், என்ன சொல்ல முடியும்? அடுத்த வாரம் குழுவில் இன்னொரு வண்டி ஓட்டுகிற வீரபாண்டி வாய் தவறி, "ஆச்சிக்கு ஒரு டீ," என்றார். அவருக்கே ஐம்பது வயது. அலுவலகத்தில் ஒரு பதவி உயர்வுக்கு நான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவள். இங்கே ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது.

பிறகு ஒரு ஞாயிறு விக்னேஷ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, இன்னைக்கு மட்டும் நீங்க வீரபாண்டி அண்ணன் வண்டில வாரீங்களா? வித்யா புதுசுல்லா. தெரியாத வண்டின்னா பயப்படுதா."

"அதுக்கென்ன மக்கா, இன்னைக்கு மட்டும்தானே."

வீரபாண்டி வெற்றிலை போடுகிறவர். ஓட்டும்போதும் போடுவார். பின்னால் உட்கார்கிறவருக்கு அதில் ஒரு பங்கு காற்றோடு வந்து சேரும். அந்த 'இன்னைக்கு மட்டும்' மழைக்காலம் முடிந்து பனிக்காலம் வரை நீண்டது. இதற்கிடையில் இரண்டு வீட்டிலும் பேசி நிச்சயம் பண்ணினார்கள். பந்தியில் நான் பாயசம் விளம்பினேன். படமும் எடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், மேடம். படங்களைப் பாருங்கள், ஒன்றுகூட ஆடவில்லை.

தை மாதம் ஒரு காலையில் புல்லட்டின் பின்சீட்டில் அதைப் பார்த்தேன். வளைந்த எவர்சில்வர் கம்பி, அதில் கறுப்பு மெத்தை. தடவிப் பார்த்தேன். நல்ல தையல்.

"எப்படியிருக்குக்கா? வித்யா முதுகு வலிக்குன்னா. அதான் மாட்டிட்டேன்."

"வண்டி லுக் போயிருமே மக்கா?"

"போனாப் போகட்டும்க்கா."

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். யாரிடமும் முகம் திருப்பவில்லை, குழுவை விட்டு விலகவில்லை, சாப்பாடு குறையவில்லை. ஒரு சின்னக் கணக்குதான் மனதில் ஓடியது. அவன் மறந்துவிட்டான், நினைவுபடுத்த வேண்டும். அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுக்கிற வழக்கம் இப்போது எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. வெளி ஆள் வேண்டாம் என்று வித்யாலட்சுமிதான் பிடிவாதம் பிடித்தாள்.

"ஆச்சி எடுத்தாத்தான் நான் சிரிப்பேன். இல்லன்னா ஆதார் கார்டு மூஞ்சிதான் வரும்."

அன்போடு கேட்கிறாள். அன்போடு ஒத்துக்கொண்டேன். இடமும் நான்தான் சொன்னேன். ராயகிரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கண்மாய் இருக்கிறது. கரை மேலிருந்து ஒரு மண்பாதை சரிந்து இறங்கி தார்ரோட்டில் சேரும். அதில் புல்லட் இறங்கித் திரும்பினால் புழுதி எழும்பும், வண்டி சாயும், பின்னால் மலை முழுசாக நிற்கும். காலை வெயில் நேராக முகத்தில் விழும். எந்தப் போட்டோகிராபரும் அந்த இடத்தைத்தான் சொல்வார்.

அன்றைக்குக் கடையில் ஆள் இல்லாததால் நியாஸ் வரவில்லை. வீரபாண்டி என்னை அங்கே இறக்கிவிட்டார். நிறையப் பேர் பார்த்தால் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கும் என்று சொல்லி அவரையும் பிரவின்ராஜையும் ராயகிரிக்குப் பூரி சொல்ல அனுப்பிவிட்டேன். நாங்கள் மூன்று பேர்தான். வித்யாலட்சுமி மாம்பழ நிறச் சேலையில், தலை நிறைய மல்லிகையோடு வந்திருந்தாள். அழகுதான்.

"ஹெல்மெட்டைக் கழத்துட்டி. கல்யாணப் படத்துல மூஞ்சி தெரிய வேண்டாமா?"

"அப்போ நானும் கழத்திறட்டுமா?" என்றான் விக்னேஷ்.

"நீ போட்டுக்கோ மக்கா. ஓட்டுத ஆளு ஹெல்மெட் இல்லாம இருந்தா படம் பாக்கவங்க தப்பாச் சொல்லுவாங்க."

அவன் போட்டுக்கொண்டான். வாரைக்கூட நானே மாட்டிவிட்டேன். இழுத்துப் பார்த்து மாட்டினேன்.

"அக்கா, கரை மேல நின்னா ரோடு தெரியாது. கருவேல மரம் மறைக்கு."

"நான் எதுக்குல இருக்கேன்? செவப்புத் துண்டு காட்டுனா நில்லு. பச்சை காட்டுனா வா."

"அதும் சரிதான்."

"ஆச்சி, நான் பின்னால திரும்பிப் பாக்கணுமா?" என்று கேட்டாள் அவள். பின்சீட்டு வேலையை நான்தானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே கற்றிருந்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்ட்டி. கேமராவைப் பாரு. சிரி."

கரை ஏறினார்கள். நான் ரோட்டோரம் நின்றேன். வலது கையில் கேமரா, இடது கையில் துண்டு. ஒற்றைக் கையால் எடுக்கலாம் என்று நியாஸ் சொன்னது பொய்யில்லை. பச்சைத் துண்டைத் தூக்கி ஆட்டினேன். விக்னேஷ் வந்தான். கண்ணை மூடிக்கொண்டு வருவேன் என்பானே, அதே மாதிரி. புழுதி நான் நினைத்ததைவிட நன்றாக எழும்பியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆதார் கார்டு மூஞ்சி இல்லை, உண்மையான சிரிப்பு.

அந்தப் படம் அருமையாக விழுந்தது. அதற்கடுத்து விழுந்த படங்கள் அவ்வளவு நன்றாக இல்லை.

லாரி இடித்து வித்யாலட்சுமி அங்கேயே போய்விட்டாள். விக்னேஷ் தெறித்துக் கண்மாய்ச் சேற்றில் விழுந்தான். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. தலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஹெல்மெட் இருந்ததல்லவா.

செங்கல் லாரி ஓட்டிவந்த பிச்சையாவை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். லாரி கண்மண் தெரியாத வேகத்தில் வந்தது என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அவர் நிதானமாகத்தான் வந்தார். ஹாரனும் அடித்தார். புல்லட் சத்தத்தில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. பாவம், பெண் குழந்தைகள் இருக்கிறவராம். இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்று சாயங்காலம் குழுவில் யாரும் படம் போடவில்லை. நான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு படம், அது எங்கள் முறை. அதைவிட நல்ல படம் நான் எடுத்ததே இல்லை, மேடம். எல்லாரும் அழுதார்கள். 'கடைசிச் சிரிப்பு' என்று பிரவின்ராஜ் எழுதினான். நியாஸ் மட்டும் ஒன்றும் எழுதாமல் போன் பண்ணினார்.

"அக்கா, படத்துல எடப்பக்கம் கீழ்மூலையப் பாத்தீங்களா?"

"என்ன தம்பி?"

"உங்க நெழல் விழுந்திருக்கு."

"காலை வெயில்லா. முதுகுக்குப் பின்னால சூரியன்."

"நெழலோட கை மேல தூக்கியிருக்குக்கா. துண்டு பறக்குது."

"பின்ன, துண்டைக் காட்டாம அவன் எப்படி வருவான்?"

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அதே படத்துல, ரோட்டுல, அவங்களுக்குப் பின்னால லாரி வருதேக்கா. நீங்க 'வா'ன்னு காட்டுத நேரத்துலயே வருதே."

ஓரத்தை ஒரு விரல் அளவுக்கு வெட்டியிருந்தால் நிழல் போயிருக்கும். எனக்குத் தெரியாமலா? பிரவின்ராஜை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். ஆனால் வெட்டக் கூடாது என்பது முறை. அதுவுமில்லாமல் அந்த நிழல் இல்லாவிட்டால் படத்தின் இடப்பக்கம் வெறிச்சென்று ஆகிவிடும். நீங்களே விரலால் மறைத்துப் பாருங்கள், தெரியும்.

இரண்டு நாள் பொறுத்து, இன்றைக்குக் காலையில் நியாஸ் வாசலில் வந்து நின்றார். "நான் போயிச் சொல்லவா, நீங்களே வாரீங்களா?" என்றார். அவர் ஸ்கூட்டரில்தான் வந்தேன். பின்னால் உட்கார்ந்து. பழக்கதோஷம், வழியெல்லாம் அவர் தோளில் தட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஒவ்வொரு தட்டுக்கும் திரும்பிப் பார்த்தார்.

லாரியைக் கவனிக்கவில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். கவனிக்கவில்லை என்று சொன்னால் எனக்கு நல்லது என்று உங்கள் முகமே சொல்கிறது. ஆனால் இந்தக் கேமரா அப்படி இல்லை. விழப்போகிற படத்தை அப்படியே முன்கூட்டிக் கண்ணுக்குக் காட்டிவிடும். இதில் எடுத்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

அந்த நிமிஷத்து ஆத்திரமா என்றும் கேட்டீர்கள். அதையும் அப்படி எழுதாதீர்கள், பொய்யாகிவிடும். முந்தின ஞாயிறு அந்த வழியாக வந்தபோதே செங்கல் லாரியைப் பார்த்துவைத்தேன். சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் தனியாகப் போய் அதே இடத்தில் நின்றேன். முதல் லோடு எந்த வெயிலில் வருகிறது, கரை மேலிருந்து புல்லட் இறங்க எவ்வளவு நேரமாகும், இடித்தால் யார் மேல் முதலில் படும், எல்லாம் பார்த்தேன். இடத்தை முன்னாடியே போய்ப் பார்க்காதவர் என்ன போட்டோகிராபர்? பின்னாலிருந்து வருகிற வண்டி பின்சீட்டைத்தான் முதலில் தொடும். அவன் முன்னால் இருப்பான், ஹெல்மெட் இருக்கும், பக்கத்தில் சேறு இருக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகாதபடிதான் எல்லாம் பார்த்துச் செய்தேன். கால் மட்டும் கணக்கில் வரவில்லை.

அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் உட்கார்ந்த இடம்தான் தப்பு.

நேற்றுத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஆட்டுக்கால் சூப் கொண்டுபோனேன். விக்னேஷ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சூப்பை ஊதி ஊதிக் கொடுத்தேன். பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பச்சை காட்டினீங்கல்லாக்கா? நான் சரியாப் பாத்துத்தானே வந்தேன்?" என்று கேட்டான். "நீ சரியாத்தான் வந்த மக்கா," என்றேன். அழுதான். அக்கா என்றுதான் சொன்னான், கவனித்தீர்களா? ஆச்சி என்று சொல்லவில்லை. நடந்ததை அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். கொஞ்ச நாள் வருத்தப்படுவான். பிறகு புரிந்துகொள்வான். என் கையை அவன் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? ஒவ்வொரு பக்கத்திலும் போடுகிறேன், அதுதான் சரி.

ஒன்றே ஒன்று, மேடம். புல்லட்டை வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன். பின்பக்கம் நசுங்கிக் கிடக்கிறது, சாய்மானம் வளைந்து போயிருக்கிறது. கம்பிதானே, பட்டறையில் கொடுத்தால் நிமிர்த்திவிடுவார்கள். அவன் கால் கூடுகிறவரை பத்திரமாக இருக்கட்டும். பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். எனக்கு முதுகு வலி உண்டு.